லீஜ் அண்ட் லீஃப் கேட்டு போர் அடிச்சவருக்கு ஒரு நீளமான பதில்

நீங்க கேட்டது இதான்: ஃபேர்போர்ட் கன்வென்ஷன்ங்கற இங்கிலாந்து பேண்டோட லீஜ் அண்ட் லீஃப் ஆல்பத்தை இப்பதான் முதல் தடவை கேட்டிருக்கீங்க, ஃபோக் ராக்னா இதான் உச்சம்னு எந்த லிஸ்ட்டை எடுத்தாலும் போட்டிருக்கான், ஆனா உங்களுக்கு ஏதோ பழைய நாட்டுப்புறப் பாட்டுக்கு எலக்ட்ரிக் கிட்டாரை ஒட்ட வெச்ச மாதிரி இருக்கு, பாடறவங்க குரல் நல்லாதான் இருக்கு ஆனா எந்த உணர்ச்சியும் இல்லாம ஒப்பிக்கறாங்க, எட்டு நிமிஷப் பாட்டு ஒண்ணு இருக்கு அது எதுக்குன்னே தெரியல, நான் என்ன மிஸ் பண்றேன்.

1969 டிசம்பர்ல வந்த ரெக்கார்டு, ஆனா முதல் தடவை கேக்கறவனுக்கு அது புது ரிலீஸ்தானே, அதனால "கிளாசிக்கை போய் இப்படி சொல்லலாமா"ன்னு சண்டைக்கெல்லாம் நான் வரல. நீங்க சொன்னதுல பாதி எனக்கும் சரின்னுதான் படுது. மீதி பாதிக்கு காரணம் ஒண்ணே ஒண்ணு, நீங்க ட்யூனை கேட்டிருக்கீங்க, கதையை கேக்கல.

அந்த எட்டு நிமிஷப் பாட்டுலேர்ந்தே ஆரம்பிக்கறேன், மாட்டி குரோவ்ஸ். ஏன்னா நானே இதுல ரெண்டு வருஷம் ஏமாந்தவன். காலேஜ்ல ஒரு சீனியர் எனக்கு இந்த ஆல்பத்தை சிடில ரைட் பண்ணி கொடுத்தார், மேல மார்க்கர்ல பாட்டு பேரெல்லாம் எழுதி. மூணாவது டிராக்குல நடுவுல ஒரு கீறல். கதை என்னன்னா, திருநாள் அன்னிக்கு சர்ச்சுக்கு வந்த பெரிய வீட்டு அம்மா, டொனால்ட் பிரபுவோட பொண்டாட்டி, மாட்டிங்கற ஒரு சாதாரண பையனைப் பாத்து இன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வா, அவர் ஊர்ல இல்லைன்னு கூப்பிடறா. பக்கத்துல நின்ன வேலைக்காரன் காதுல விழுந்துடுது, அவன் எஜமான்கிட்ட சொல்ல ஓடறான், நடுவுல பெரிய ஓடை வருது, ஷூவை கழட்டிப் போட்டுட்டு நீந்தறான் (இந்த ஷூ விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொலையில முடியப்போற கதையில அந்த அவசரத்துலயும் ஒருத்தன் ஷூவை கழட்டினான்னு எவனோ ஒரு பாட்டுக்காரன் ஞாபகமா வெச்சிருக்கான்). மாட்டி கண்ணசந்து முழிச்சுப் பாத்தா கால்மாட்டுல டொனால்ட் பிரபு நிக்கறார். நின்னுகிட்டு, மெத்தை எப்படி இருக்கு, படுக்கை விரிப்பு எப்படி, உன் கையில தூங்கறாளே என் பொண்டாட்டி அவ எப்படின்னு விசாரிக்கறார். அப்புறம் எந்திரிச்சு துணியைப் போடு, நிராயுதபாணியா அம்மணமா இருந்தவனை வெட்டினேன்னு ஊர் பேசக்கூடாதுன்னு சொல்லி தன்கிட்ட இருக்கற ரெண்டு கத்தியில நல்லதை அவன்கிட்ட கொடுத்துட்டு மட்டமானதை தான் வெச்சுக்கறார், முதல் வெட்டும் நீயே வெட்டுங்கறார். மாட்டி வெட்டறான், பிரபுவுக்கு நல்ல அடி.

இங்கதான் என் சிடில கீறல். சர்ருனு தாண்டி நேரா கடைசியில வர்ற கிட்டார் வயலின் ஆட்டத்துக்குப் போயிடும். அதனால நான் ரெண்டு வருஷமா மாட்டி ஜெயிச்சுட்டான்னு நினைச்சுகிட்டிருந்தேன். அந்த கடைசி மூணு நிமிஷம் எனக்கு கல்யாண ஊர்வலம் மாதிரி கேட்டுது, சத்தியமா. ஹாஸ்டல்ல டேபிளை தட்டிகிட்டே கேப்பேன்.

அப்புறம் ஒரு நாள் நல்ல காப்பி கிடைச்சு முழுசா கேட்டா, அடுத்த வெட்டு பிரபு வெட்டறார், மாட்டி அதுக்கப்புறம் வெட்டவே இல்லை, அவ்ளோதான் வரி, செத்தான்னு கூட சொல்லல. பொண்டாட்டியை மடியில உக்கார வெச்சு இப்ப சொல்லு யாரைப் பிடிக்கும் உனக்குன்னு கேக்கறார், அவ உங்களையும் உங்க பகட்டையும் விட செத்துக்கிடக்கற அவன் வாயில முத்தம் கொடுப்பேன்னு சொல்றா, அவளையும் நெஞ்சுல குத்தி சுவத்தோட நிறுத்திடறார். கடைசியில ரெண்டு பேரையும் ஒரே குழியில போடுங்க, ஆனா இவளை மேல போடுங்க, இவ பெரிய குடும்பத்துப் பொண்ணுன்னு உத்தரவு. கொலை பண்ணதுக்கு அப்புறமும் குழிக்குள்ள அந்தஸ்து பாக்கறான். அதுக்கப்புறம் அதே கிட்டார், அதே வயலின், ஒரு நோட்டு மாறல, ஆனா எனக்கு முதுகு சில்லுனு ஆயிடுச்சு. கல்யாண ஊர்வலம்னு நினைச்சது என்னன்னே சொல்ல முடியாத ஏதோ ஒண்ணா மாறிடுச்சு.

நீங்க கேட்ட கேள்விக்கு என்னோட பதில் மொத்தமும் இந்த இடத்துலதான் இருக்கு. இந்த பேண்ட் "இப்ப அழு", "இப்ப பயப்படு"ன்னு எங்கயும் சிக்னல் கொடுக்காது. நமக்கு பழக்கமான பாட்டுல சோகம்னா ஸ்ட்ரிங்ஸ் ஏறும், குரல் உடையும், கேக்கறவனுக்கு டவுட்டே வராது. இதுல சாண்டி டென்னி பாடறது எப்படின்னா, ரேஷன் கடை க்யூல நின்னுகிட்டு பக்கத்துத் தெருவுல நடந்த வெட்டு குத்தை இன்னொரு பொம்பளைகிட்ட சொல்ற மாதிரி, நடந்தது இதான், நான் பாத்தேன், நீயே முடிவு பண்ணிக்கோ. உணர்ச்சி இல்லைன்னு நீங்க சொன்னது அதைத்தான். இல்லாம இல்ல, அவங்க எடுத்து உங்க கையில கொடுக்கல. இந்தக் கதைப்பாட்டுங்க எல்லாமே அப்படி பாடறதுக்குன்னு வந்ததுதான், பாடறவன் நடிக்கமாட்டான், கதையை கடத்துவான். அப்ப அவங்களுக்கு வயசு 22.

வயசைச் சொன்னதும் மத்தவங்க வயசையும் சொல்லிடறேன், ஏன்னா இந்த ஆல்பத்தை ஏதோ தாடி வெச்ச பெரியவங்க ஆராய்ச்சி பண்ணி போட்டதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. லீட் கிட்டார் ரிச்சர்ட் தாம்ஸன் 20. இன்னொரு கிட்டார் சைமன் நிக்கோல் ரெக்கார்டிங் நடந்த மாசம்தான் 19 முடிச்சார். பாஸ் வாசிச்ச ஆஷ்லி ஹட்சிங்ஸ் 24, வயலின் டேவ் ஸ்வார்பிரிக் 28, இருக்கறதுலயே மூத்தவர் அவர்தான், ஏற்கனவே மார்ட்டின் கார்த்திங்கற ஃபோக் பாடகரோட சேர்ந்து வாசிச்சு ஃபோக் கிளப் வட்டாரத்துல பெரிய பேர்.

இந்தப் பசங்க ஏன் திடீர்னு முன்னூறு நானூறு வருஷத்துப் பாட்டுக்குள்ள போனாங்கங்கறதுக்கு ரெண்டு காரணம் சொல்வாங்க. ஒண்ணு, 1968ல தி பேண்ட்ங்கற குரூப்போட மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க் ஆல்பம் வந்துச்சு. அதுவரைக்கும் ஃபேர்போர்ட் பசங்க லண்டன்ல உக்காந்து பாப் டிலன் பாட்டு, ஜோனி மிட்செல் பாட்டுன்னு அமெரிக்கா சரக்கைத்தான் வாசிச்சிட்டிருந்தாங்க, அதைக் கேட்டதும் சரி, இவ்ளோ மண் வாசனையா அமெரிக்காக்காரனே வாசிக்கும்போது நாம எதுக்கு காப்பி அடிக்கணும், நம்ம ஊர்ல இதுக்கு சமமா என்ன இருக்குன்னு யோசிக்க ஆரம்பிச்சாங்க. ப்ரொட்யூசர் ஜோ பாய்ட் ஒரு அமெரிக்கர், 1965 நியூபோர்ட் ஃபோக் திருவிழால டிலன் எலக்ட்ரிக் கிட்டாரோட ஏறி ரகளையானபோது அங்க மேடை வேலை பாத்தவர், அதனால ஃபோக்கையும் ஆம்ப்ளிஃபயரையும் சேத்தா என்ன ஆகும்னு அவருக்கு நேர்லயே தெரியும்.

ரெண்டாவது காரணத்தை சொல்லாம இந்த ஆல்பத்தைப் பத்தி பேசவே முடியாது. 1969 மே 12 விடியக்காலை, பர்மிங்காம்ல மதர்ஸ்ங்கற கிளப்ல வாசிச்சுட்டு லண்டன் திரும்பற வழியில, எம்1 ஹைவேல வேன் கவுந்துடுச்சு. டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் செத்துட்டான், 19 வயசு. ரிச்சர்ட் தாம்ஸனோட காதலி ஜீனி ஃபிராங்க்ளினும் செத்துட்டாங்க. மத்தவங்களுக்கெல்லாம் அடி, சாண்டி மட்டும் அந்த வேன்ல வரல. அப்புறம் தொடர்றதா கலைச்சுடறதான்னே தெரியாம இருந்துட்டு, சரி தொடருவோம், ஆனா பழைய பாட்டை வாசிக்க வேணாம்னு முடிவாச்சு. லாம்பிள் வாசிச்ச பாட்டை இன்னொருத்தன் வாசிக்க எப்படி மனசு வரும். விஞ்செஸ்டர் பக்கத்துல ஃபார்லி சேம்பர்லேன்னு ஒரு கிராமத்துல பழங்காலத்துப் பெரிய வீடு ஒண்ணை வாடகைக்கு எடுத்து அந்த கோடைக்காலம் முழுக்க எல்லாரும் ஒண்ணா தங்கினாங்க, புல்வெளியில பந்து விளையாடறது, காத்தாடி விடறது, உள்ள வந்து வாசிக்கறது. ஹட்சிங்ஸ் லண்டன்ல, நாட்டுப்புறப் பாட்டு சேகரிச்ச செசில் ஷார்ப் பேர்ல இருக்கற செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்துல உக்காந்து பழைய பாட்டுங்களை தோண்டி எடுத்துட்டு வருவார்.

இது நான் எங்கயும் படிச்சதில்ல, என் அபிப்ராயம்தான். இந்தப் பழைய பாட்டுங்களோட பெரிய சௌகரியம் என்னன்னா அதுல "நான்"னு பேச வேண்டாம். அந்த மே மாசம் நடந்ததை நேரா பாட்டா எழுத அந்தப் பசங்களால முடிஞ்சிருக்காது. ஆனா சாவு, துரோகம், காப்பாத்த முடியாம போன ஆளுன்னு நிரம்பி வழியற ஒரு பெட்டி ஏற்கனவே இருக்கு, எழுதினவன் பேர் கூட இல்ல, எடுத்துப் பாடினா போதும். அவங்க குரலையும் வாத்தியத்தையும் ஏன் இவ்ளோ அடக்கி வெச்சாங்கன்னு யோசிச்சா எனக்கு இதுதான் தோணும்.

ரெண்டு பாட்டு மட்டும் தாம்ஸன் எழுதினது, பழசு மாதிரியே வேஷம் போட்டு ஒளிஞ்சுகிட்டு இருக்கு. ஃபேர்வெல் ஃபேர்வெல்ங்கற சின்னப் பாட்டு, மெட்டு வில்லி ஓ வின்ஸ்பரிங்கற பழைய பாட்டோடது, வரி மட்டும் இவர். வழிப்போக்கர்களுக்கு விடை கொடுக்கற பாட்டு, அடிபட்டு நொந்து கிடக்கற உன் பிள்ளைகளைப் பாக்க திரும்பி வரமாட்டியான்னு கேக்கும், வளைஞ்சு போற ரோடு கூப்பிடுதுன்னு முடியும். மே மாசம் ரோட்டுல நடந்ததை தெரிஞ்சுகிட்டு கேட்டா இது மரபுப் பாட்டே இல்லைன்னு ஒரு செகண்ட்ல தெரிஞ்சுடும். கடைசிப் பாட்டு கிரேஸி மேன் மைக்கேல், ஸ்வார்பிரிக் மெட்டு. மைக்கேல்கிட்ட ஒரு அண்டங்காக்கா உன் காதலி உன் கையாலயே சாவான்னு சொல்லுது, கோவத்துல கத்தியால அதைக் குத்தறான், விழுந்து கிடக்கறது பாத்தா அவனோட காதலி. இதுக்கு மேல நான் விளக்கம் சொல்ல வேணாம்னு நினைக்கறேன்.

இப்ப டிரம்ஸ். நான் காலேஜ்ல கொஞ்ச நாள் டிரம்ஸ் தட்டினவன், அதனால இந்த விஷயத்துல எனக்கு பாரபட்சம் உண்டு, முன்னாடியே சொல்லிடறேன். எல்லாரும் சாண்டி குரல், தாம்ஸன் கிட்டார், ஸ்வார்பிரிக் வயலின்னு பேசுவாங்க, என்னைக் கேட்டா இந்த ஆல்பத்தோட ஹீரோ லாம்பிள் இடத்துக்கு வந்த டேவ் மேட்டக்ஸ். மனுஷன் அதுக்கு முன்னாடி வாசிச்சிட்டிருந்தது டான்ஸ் ஹால் பேண்ட்ல, ஜோடி ஜோடியா ஆடறவங்களுக்கு காலம் தவறாம தாளம் போடற வேலை, நாட்டுப்புறப் பாட்டோட அவருக்கு பெருசா சம்பந்தமே கிடையாது. அதுதான் அதிர்ஷ்டம். ராக் டிரம்மரா இருந்தா அந்த எட்டு நிமிஷத்துல அவனவன் வரிக்கு நடுவுல என்னென்ன உருட்டு உருட்டி ஃபில் போட்டிருப்பான். இவர் சும்மா ஊருக்குப் போற வண்டி மாதிரி போய்கிட்டே இருக்கார், வரி முடியற இடத்துல நமக்குக் கை துறுதுறுங்கும், அவர் அசையமாட்டார். ரெனார்டைன் பாட்டுல நேரா அடியே கிடையாது, சிம்பல்ல மெல்லிசா ஒரு அலை, மத்த வாத்தியமெல்லாம் தம்புரா மாதிரி கீழ மொய்ச்சுகிட்டு இருக்க சாண்டி குரல் மட்டும் நடந்து போகும்.

டாம் லின் கேட்டுப் பாருங்க, அங்கதான் எனக்கு மானம் போச்சு. ஹெட்ஃபோன் போட்டுகிட்டு கூடவே வாசிக்கலாம்னு உக்காந்தா நாலு நாலா எண்ணிட்டு போக முடியல, எங்கயோ ஒரு தட்டு கூடுது, எங்கயோ நான் முந்திடறேன், பாட்டு வரிக்கு ஏத்த மாதிரி தாளத்தை வளைச்சிருக்காங்க. அந்த நொண்டி நடைதான் பாட்டோட பயத்துக்கே காரணம். கதை ஸ்காட்லாந்து எல்லைப்பக்கம் நடக்குது, கார்ட்டர்ஹாங்கற இடம் செல்கர்க் ஊர்கிட்ட நிஜமாவே இருக்கு, ரெண்டு ஆறு சேர்ற இடத்துல. ஜேனட்ங்கற பொண்ணு அங்க போய் ரோஜாப் பூ பறிக்கறா, டாம் லின் வந்து நிக்கறான், இவ கர்ப்பமாகறா. அவன் மனுஷன்தான், தேவதைகளோட ராணி பிடிச்சு வெச்சிருக்கா, ஹாலோவீன் ராத்திரி நடுச்சாமத்துல ஊர்வலம் வரும், வெள்ளைக் குதிரையில வர்றவன் நான், என்னைக் கீழ இழுத்துப் பிடிச்சுக்கோ, உன் கையிலேயே பாம்பா மாறுவேன், சிங்கமா மாறுவேன், விட்டுடாதேங்கறான். அவ விடல. ராணிக்கு கடைசியில ஒரே வயித்தெரிச்சல், இது தெரிஞ்சிருந்தா உன்னை மரமா மாத்தியிருப்பேனேன்னு கத்தறா. ஏழு நிமிஷத்துக்கும் மேல போற பாட்டு, இந்த ஒரு பாட்டுலதான் ஒருத்தி பிடிச்ச பிடியை விடாம ஆளைக் காப்பாத்தறா. மேட்டக்ஸ் இங்க அடிக்கற அடி கனமா காய்ஞ்சு போய் இருக்கும், செல்சியில பழைய பால் பண்ணைக் கட்டடத்துல இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவுல ஜான் வுட் பண்ணின ரெக்கார்டிங், மொபைல் ஸ்பீக்கர்ல கேட்டா இந்தக் கனம் வரவே வராது. நீங்க பஸ்ல கேட்டேன்னு வேற எழுதியிருக்கீங்க ப்ரோ.

அடுத்து தி டெஸர்ட்டர். நீங்க இதைத் தாண்டிப் போயிருப்பீங்க, எல்லாரும் தாண்டிப் போவாங்க, மிட் டெம்போல வந்து சாதுவா போயிடும். பட்டாளத்துல வலுக்கட்டாயமா சேத்தவன் ஓடிப்போறான், கூட இருந்த ஒருத்தன் காட்டிக் கொடுக்கறான், சவுக்கடி. மறுபடி ஓடறான், இந்த தடவை காட்டிக் கொடுத்தது காதலி. மரண தண்டனை, சவப்பெட்டியெல்லாம் ரெடி. அப்ப இளவரசர் ஆல்பர்ட் ஆறு குதிரை வண்டியில வந்து அவனை அவுத்து விடுங்கன்னு மன்னிக்கறார். அப்பாடான்னு நினைக்கும்போது அடுத்த வரி, இவன் மகாராணிக்கு நல்ல சிப்பாயா இருப்பான்னு முடியுது. எந்தப் பட்டாளத்துலேர்ந்து தப்பிக்க ரெண்டு தடவை ஓடினானோ அதுக்கே திரும்ப அனுப்பறதுதான் மன்னிப்பு. சாண்டி இதை நக்கலாவும் பாடல, பரிதாபமாவும் பாடல. நானே நாலஞ்சு வருஷம் கேட்டதுக்கு அப்புறம்தான் ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது டக்குனு உறைச்சுது.

சரி, குறைக்கு வருவோம். முதல் பாட்டு கம் ஆல் யீ எனக்கு ஆகவே ஆகாது. சாண்டியும் ஹட்சிங்ஸும் எழுதினது, வாங்க வாங்க ஊரெல்லாம் சேந்து பாடுவோம், இவர் வயலின் வாசிப்பார் இவர் டிரம் அடிப்பார்னு விழா மேடையில வரவேற்புரை வாசிக்கற மாதிரி ஒரு பாட்டு. இதை முதல்ல வெச்சதாலயே பாதி பேர் இது ஏதோ பொங்கல் விழா ஐட்டம்னு நினைச்சுடறான். நீங்க சொன்ன "ஒட்ட வெச்ச மாதிரி" இந்தப் பாட்டுக்கு நூத்துக்கு நூறு பொருந்தும். அப்புறம் நடுவுல வர்ற மெட்லி, நாலு ஆட்ட மெட்டை ஒண்ணா கோத்தது, ஸ்வார்பிரிக் வயலின்ல பறப்பார், லார்க் இன் தி மார்னிங் ஆறு எண்ணிக்கை ஜிக், ராக்கிஷ் பேடி நாலு எண்ணிக்கை ரீல், அப்புறம் ஃபாக்ஸ்ஹன்டர்ஸ் ஒன்பது எண்ணிக்கை ஸ்லிப் ஜிக், கடைசியில திரும்ப ரீல், தாளம் தெரிஞ்சவங்களுக்கு திஸ்ரமும் சதுஸ்ரமும் மாறி மாறி வர்ற இடத்துல காது குளிரும், ஆனா மூணு நாலு தடவை கேட்டா போதும்னு ஆயிடும். இன்னொரு கூத்து, இங்கிலாந்து மண்ணோட இசையை மீட்டெடுத்த ஆல்பம்னு சொல்றாங்களே, அந்த மெட்லில இருக்கற ட்யூன் எல்லாம் ஐரிஷ் ஆட்டத்துக்கு வாசிக்கறது, டாம் லின் ஸ்காட்லாந்துக் கதை, மாட்டி குரோவ்ஸ் கதை இங்கிலாந்துதான் ஆனா அந்த மெட்டு ஷேடி குரோவ்ங்கற அமெரிக்க அப்பலாச்சியன் மலைப்பாட்டோடது.

பழசுங்கற விஷயத்துலயும் கொஞ்சம் உஷாரா இருக்கணும். மாட்டி குரோவ்ஸ் கதை நிஜமாவே பழசு, 1600கள்லயே அச்சுல இருக்கு, ஹார்வர்ட் பேராசிரியர் ஃபிரான்சிஸ் சைல்ட் தொகுத்த 305 கதைப்பாட்டுல 81ஆவது, டாம் லின் 39ஆவது. ஆனா ரெனார்டைன் அப்படி இல்ல. அழகா பேசி பொண்ணுங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போறவன், பல்லு பளபளன்னு மின்னுதுன்னு வருமே, கேக்கறவங்க எல்லாரும் ஆஹா ஓநாய் மனுஷன், ஆதி காலத்து நம்பிக்கைன்னு புல்லரிச்சுப் போவாங்க. பழைய அச்சுகள்ல அவன் சும்மா ஒரு தலைமறைவுக் காதலன்தான், அந்தப் பல்லும் பயமும் 20ஆம் நூற்றாண்டுல ஏ.எல். லாய்டுங்கற பாடகர் ஆராய்ச்சியாளர் கையில மெருகேறி வந்ததுன்னு பின்னாடி வந்தவங்க எடுத்துக் காட்டியிருக்காங்க. எனக்கு இதுல ஒண்ணும் ஏமாத்தம் இல்ல. தொட்டவன் எல்லாம் கொஞ்சம் மாத்தினதாலதான் இந்தப் பாட்டு இவ்ளோ தூரம் வந்திருக்கு, லாய்டு மாத்தினார், அப்புறம் இவங்க ஆம்ப்ளிஃபயரை சொருகினாங்க. பழைய எல்பி அட்டையோட உள்பக்கத்துல இதுக்கெல்லாம் ஒரு சின்ன கண்காட்சியே வெச்சிருப்பாங்க, சைல்டு, செசில் ஷார்ப், அப்புறம் உடம்பு பூரா ஒட்டுமுள் காயை ஒட்ட வெச்சுகிட்டு ஸ்காட்லாந்துல ஒரு ஊரை வருஷா வருஷம் சுத்தி வர்ற பர்ரி மேன். ஸ்ட்ரீமிங்ல கேக்கறவங்களுக்கு அது போச்சு.

இதுல பெரிய சோகம், ஆல்பம் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே பேண்ட் உடைஞ்சுடுச்சு. செப்டம்பர் 24 ராயல் ஃபெஸ்டிவல் ஹால்ல இந்தப் பாட்டையெல்லாம் மேடையேத்தறாங்க, அதே மேடையில பாடகர் நிக் டிரேக் வேற. அக்டோபர்ல ரெக்கார்டிங். நவம்பர்ல சாண்டி போயாச்சு, ஹட்சிங்ஸும் போயாச்சு. ஹட்சிங்ஸுக்கு இன்னும் ஆழமா மரபுப் பாட்டுக்குள்ள போகணும், போய் ஸ்டீலை ஸ்பேன்ங்கற பேண்ட் ஆரம்பிச்சார், சாண்டிக்கு சொந்தப் பாட்டு பாடணும், போய் ஃபாதரிங்கேங்கற பேண்ட் ஆரம்பிச்சாங்க. ஒரே ஒரு கோடைக்காலம் ஒரு வீட்டுல ஒண்ணா இருந்த ஆறு பேர், அவ்ளோதான். ஆல்பம் பிரிட்டிஷ் சார்ட்ல 17ஆவது இடம் வரைக்கும் போச்சு, 2006ல பிபிசி ரேடியோ 2 ஃபோக் விருதுல எல்லா காலத்துலயும் அதிக தாக்கம் ஏற்படுத்தின ஃபோக் ஆல்பம்னு தேர்வாச்சு. சாண்டி அதுக்கெல்லாம் இல்லை, 1978லயே 31 வயசுல இறந்துட்டாங்க. லெட் ஜெப்பலின் கேப்பேன்னு சொல்றீங்களே, அவங்க பேட்டில் ஆஃப் எவர்மோர் பாட்டுல பாடகர் ராபர்ட் பிளான்ட்டோட சேந்து வர்ற அந்தப் பொண்ணு குரல் இவங்கதான், அது ஞாபகம் இருந்தா இந்தக் குரலும் சட்டுனு பிடிபடும்.

2007ல ஃபேர்போர்ட்டே நடத்தற க்ராப்ரெடி இசைத் திருவிழாவுல மிச்சம் இருந்த அஞ்சு பேரும் சேந்து ஆல்பம் முழுசையும் வாசிச்சாங்க, சாண்டி இடத்துல கிறிஸ் வைல் பாடினார். அவங்களும் நல்லாதான் பாடறாங்க, ஆனா உணர்ச்சியை கொஞ்சம் வெளிய எடுத்து வெக்கற மாதிரி எனக்குப் படும், அதனாலயே நான் பழையதுக்கு திரும்பிடுவேன்.

இப்ப மறுபடி கேக்கறதா இருந்தா முதல் பாட்டுலேர்ந்து வரிசையா கேக்காதீங்க. முதல்ல இதுக்கு முந்தின ஆல்பம் அன்ஹாஃப்பிரிக்கிங்ல இருந்து எ செய்லர்ஸ் லைஃப் கேளுங்க, பதினோரு நிமிஷம், ஒரே டேக், ஸ்வார்பிரிக் அப்ப விருந்தாளியா வந்து வாசிச்சது, டிரம்ஸ்ல மார்ட்டின் லாம்பிள். விபத்துக்கு முன்னாடி இந்த ஐடியா முதல்ல கிளம்பின இடம் அதுதான், அந்தப் பையன் வாசிப்புல கடல் கேக்கும். அடுத்து டாம் லின், வரியை முன்னாடி வெச்சுகிட்டு. அதுக்கப்புறம் டெஸர்ட்டர், ஃபேர்வெல் ஃபேர்வெல், கிரேஸி மேன் மைக்கேல். மாட்டி குரோவ்ஸை கடைசிக்கு வெச்சுக்கோங்க, கதை முழுசா சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க, வேற வழி இல்ல. ஹெட்ஃபோன்ல, பஸ்ல இல்லாம, வீட்டுல.

அப்பவும் பிடிக்கலைன்னா சொல்லுங்க, அந்த கீறல் விழுந்த சிடி இன்னும் என்கிட்ட அலமாரியில இருக்கு, அனுப்பி வெக்கறேன். அதுல மாட்டி இன்னமும் ஜெயிச்சுகிட்டுதான் இருக்கான்.